முதுகில் இரண்டு துளை உள்ள நாற்காலி

ராமநாதபுரத்தில் டாக்டர் ஒரு தாளை எடுத்து அதில் சுருக்குப்பை மாதிரி ஒன்றை வரைந்தார். இதுதான் உங்கள் வீட்டுக்காரரின் இதயம் என்றார். பை தளர்ந்துவிட்டது, இறைக்க வேண்டிய ரத்தத்தை இறைக்கவில்லை, அதனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது, படுத்தால் அந்த நீர் மூச்சை அடைக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். ஆபரேஷனை உடம்பு தாங்காதாம். மாத்திரை மட்டும்தான். "உக்காந்தபடியே தூங்க வைங்கம்மா" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த நோயாளியின் சீட்டைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவருக்கும் புரிந்திருக்க வேண்டும். வெளியே வந்ததும், "சரி, ஒரு டீயைக் குடிச்சுட்டுப் போவோம்" என்றார்.

இவர் இருபது வருஷத்துக்கு மேல் சாயல்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டியவர். சிக்கல் வழியாகப் போகும் வண்டி. விடியற்காலையில் ஏறி உட்கார்ந்தால் பொழுது அடைந்த பிறகுதான் இறங்குவார். வேலையை விட்டு நின்றதும் ஒரு மாசம் எழுந்திருக்காமல் படுத்தே கிடக்கப்போகிறேன், யாரும் எழுப்பக் கூடாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆசை எந்தச் சாமியின் காதில் எப்படித் தலைகீழாக விழுந்ததோ தெரியவில்லை. வேலையை விட்டு நின்ற மனுஷனுக்குப் படுக்கை என்பதே இல்லாமல் போய்விட்டது.

உட்கார்ந்தபடியே தூங்குவது என்பது சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே சரிந்துவிடுவார், சரிந்ததும் மூச்சு முட்டி அலறிக்கொண்டு எழுவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் அது காலை அகட்டிக்கொண்டு வளைந்தது. டவுனில் போய் ஒரு மெத்தை சோபா பார்த்தேன். அதில் உட்கார்ந்த ஆளைத் தூக்கி எடுக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி தலைமாட்டை உயர்த்தும் கட்டிலை வாடகைக்கு எடுத்துப் போட்டேன், அதிலும் கால் பக்கம் வழுகி வந்தார். கடைசியில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். கண் மூடும், தலை விழும், மூச்சு அடைக்கும், விழிப்பார். பிறகு மறுபடியும் கண் மூடும். இப்படியே போனது. பகலில் அவர் கண்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

அவரைப் பிழைக்க வைத்துவிடலாம் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. அந்தப் பேனா மூடிய விதத்திலேயே அது முடிந்துபோன பேச்சு. அவர் விழிக்காமல் ஒரு தடவை தூங்க வேண்டும், தூங்கி எழுந்து, நன்றாகத் தூங்கினேன் என்று என்னிடம் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் வகையறாவில் வயசாளிகள் இறந்தால் படுக்க வைப்பதில்லை. குளிப்பாட்டி, புது வேட்டியோ சேலையோ கட்டி, வாசல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். வருகிறவர்கள் மாலை போட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டு, எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்து அழுவார்கள். எல்லாம் முடிந்து தூக்கும்வரை அந்த உடம்பு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அதற்கென்றே பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு நாற்காலி உண்டு. பர்மா தேக்கு. உயரமான முதுகு, அகலமான கை, முதுகின் உச்சியில் தாமரைப் பூவைக் கொத்தும் இரண்டு கிளிகள், கைகளின் நுனியில் யாளி முகம். யார் செய்தது, எப்போது செய்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பங்காளிகள் கும்பிடும் சாமி வீட்டுக்குப் பக்கத்து அறையில் பூட்டிக் கிடக்கும். ஒரு சாவு விழுந்தால்தான் வெளியே வரும். உயிரோடு இருக்கிற யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

என் மாமனார் இறந்தபோது நான் புது மருமகள். அன்று முழுவதும் அந்த நாற்காலிக்கு அருகில் நின்றிருந்தேன். பிணம் ஒரு விரல்கூடச் சரியவில்லை. தன்னைத் தானே தாங்கிக்கொள்ள முடியாத உடம்பைத் தாங்குவதற்கென்றே செய்த நாற்காலி அது. என் வீட்டுக்காரருக்கு வேண்டியதும் அதுதானே. இப்படி யோசிக்கிறவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

சாவி என் மூத்தாரிடம், அதாவது இவருடைய அண்ணனிடம் இருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குச்சியைக் கீழே போட்டுவிட்டார்.

"அது உசுரோட இருக்கவுக உக்கார்ற நாற்காலி இல்ல தாயி."

"தெரியும் மச்சான். அதான் கேக்க வந்தேன்."

"தெரிஞ்சும் கேக்குறியே. உக்காந்தா அது ஆளைக் கூப்புட்டுக்கிரும்."

"அவுகளைக் கூப்புட்டு ரொம்ப நாளாச்சு. நாற்காலி வந்துதான் கூப்புடணும்னு இல்ல. செத்தவுகளுக்கு முதுகு வலிக்குமா மச்சான்? வலிக்கிற மனுசன் அங்கன ஸ்டூல்ல தலையைக் கவுத்துக்கிட்டு இருக்காக. உங்க கூடப் பொறந்தவுகதான்."

என் வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும். அன்று அது நல்லதுக்கு நீண்டது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கடைசியில் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் கொடுக்காமல் படிக்கல்லில் வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ. நாளைக்கு ஒண்ணுன்னா என் மேல சொல்லாத."

லோடு ஆட்டோவில் ஏற்றி, தார்ப்பாயைப் போட்டு மூடி, வீட்டின் பின்பக்கமாகக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகையில் இறக்கினேன். மாடு விற்றுப்போய் நாளாகியிருந்தது. இவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதனால் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். வேறு ஏதோ பழைய நாற்காலி, ராமநாதபுரத்தில் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அதன் கதி தெரிந்தது. பின் கால் ஒன்றைக் கரையான் பாதிக்கு மேல் தின்றிருந்தது. உட்காரும் இடத்தில் ஒரு காலத்தில் பிரம்புப் பின்னல் இருந்திருக்கிறது, அது கிழிந்ததும் யாரோ ஒரு பலகையை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். பிணத்துக்குப் பலகை போதும் என்று நினைத்திருப்பார்கள், தப்பில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மகராசனோ தேக்கு மரத்தின்மேல் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான். டிராக்டருக்கு அடித்து மிஞ்சியதாக இருக்கும். கிளிக்குப் பச்சை பொருத்தம்தான், யாளிக்கும் பச்சையா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

காலுக்கு மட்டும் ஆசாரியை வரவழைத்தேன். அவர் கரையான் தின்ற பகுதியை அறுத்துவிட்டு வேறு தேக்குத் துண்டைப் பொருத்திப் பசை போட்டு முறுக்கிவிட்டுப் போனார். மற்றதெல்லாம் நானேதான். இவர் காலையில் கஞ்சி குடித்து, மாத்திரை போட்டு, ஸ்டூலில் கவிழ்ந்ததும் கொட்டகைக்கு வந்துவிடுவேன். உடைந்த கண்ணாடிச் சில்லால் பெயிண்டைச் சுரண்டினேன். செதுக்கு வேலைக்குள் சில்லு போகாது, அங்கெல்லாம் பெயிண்ட் கரைக்கும் மருந்தைத் தடவி, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, மிச்சத்தைக் கோணி ஊசியால் குத்தி எடுத்தேன். பிறகு உப்புத்தாள் போட்டேன், முதலில் முரட்டுத்தாள், அப்புறம் நைஸ். மருந்து பட்டுக் கையெல்லாம் தோல் உரிந்தது. இவர் பார்த்துக் கேட்டபோது, புளி உருண்டை பிடித்தேன் என்று சொன்னேன். புளிக்கு அப்படி உரியாது என்பது அவருக்குத் தெரியாதா?

சுரண்டும்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, அந்தக் கைப்பிடிகள் தேயவே இல்லை. எந்த நாற்காலியை எடுத்தாலும் முதலில் தேய்வது கைப்பிடிதான். அதில் உளி போட்ட வரிகூட விரலுக்குத் தட்டுப்பட்டது. அதில் உட்கார்ந்த யாரும் கையை அசைத்ததில்லை. இரண்டாவது, முதுகில் நெஞ்சு உயரத்தில் இடமும் வலமுமாக இரண்டு துளைகள். அந்தத் துளைகளின் விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. உட்கார வைத்த உடம்பு சரியாமல் இருக்க அதன் வழியாகத்தான் துணியை விட்டு நெஞ்சோடு சேர்த்துக் கட்டுவார்கள். மேலே மாலை விழுவதால் கட்டு வெளியே தெரியாது. அந்தத் துளைக்குள் என் விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே ஒரு நூல் சிக்கியிருந்தது. யார் வேட்டியின் நூலோ. உடம்பு கூசிப்போய் விரலை எடுத்துவிட்டேன். அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை.

பெயிண்ட் போனதும் உள்ளேயிருந்து தேன் நிறத்தில் மரம் வந்தது. கிளிகளின் இறக்கையில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. பாலீஷ் போட்டுக் காய வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இருந்தது.

குஷன் வேலைக்குச் சாயல்குடியில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் தைக்கிறவரிடம் கொண்டுபோனேன். இவர் ஓட்டிய பஸ்ஸுக்கு அவர்தான் சீட் போட்டவர். அவருக்கு இவரைப் பிடிக்கும், ஆனால் இவருக்கு அவர் வேலையைப் பிடிக்காது. டிரைவர் சீட்டின் இடது பக்கம் எப்போதும் கொஞ்சம் இறங்கியே இருக்கும் என்று வீட்டுக்கு வந்து திட்டுவார். அதைச் சொல்லாமல், நோயாளிக்கு என்று மட்டும் சொன்னேன்.

"அண்ணனுக்கா? விடுங்கக்கா, வால்வோ சீட்டு மாதிரி போட்டுத் தாரேன்" என்றார். பிறகு முதுகைத் தட்டிப் பார்த்தவர், "இதென்ன ரெண்டு ஓட்டை?" என்று கேட்டார்.

"ஃபேன் வயர் விட்டிருப்பாக" என்றேன்.

"நெஞ்சுக்கு நேராவா ஃபேன் வைப்பாக?"

"அந்தக் காலத்து ஆளுக. நமக்கென்ன தெரியும். அடைச்சுருங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையில் இறங்கினார். பலகையைப் பிடுங்கிவிட்டுக் குறுக்கே நாடா பின்னி, அதன்மேல் தேங்காய் நார் ஷீட், அதன்மேல் ஃபோம் வைத்தார். முதுகுக்கும் அப்படியே. எல்லாவற்றையும் மெரூன் நிற ரெக்ஸின் போட்டு மூடி, ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங் கொடுத்து, சுற்றிலும் குமிழ் ஆணி அடித்தார். துளைகள் இருந்த இடமே தெரியவில்லை. அச்சு அசலாகப் பஸ் சீட்டு. அந்தக் கிளிகளும் தாமரையும் மட்டும் இல்லையென்றால் டிக்கெட் கேட்டிருப்பார்கள்.

கூடத்தில், வாசல் காற்று வரும் இடத்தில் கொண்டுவந்து போட்டேன். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். கிளியைப் பார்த்தார், யாளியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி மெதுவாக உட்கார்ந்து, கைகளை இரண்டு பக்கமும் வைத்து, இல்லாத ஸ்டீரிங்கைப் பிடிக்கிறவர் மாதிரி கொஞ்சம் அசைந்து கொடுத்தார்.

"யார் தைச்சது? அவன்தானே" என்றார்.

"ஆமா."

"இடது பக்கம் இறங்கியிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், சிரித்ததும் இருமல் வந்தது, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

முந்தைய ஏற்பாடுகளைவிட நாற்காலி எவ்வளவோ தேவலாம். முதுகு நிமிர்ந்து நின்றது, கைகளை வைத்துக்கொள்ள இடம் இருந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. கண் அசரும்போது உடம்பு தளர்ந்து முன்னால் விழுந்தது, விழுந்ததும் திடுக்கிட்டு விழித்தார். ரெக்ஸின் வேறு வழுக்கியது. பாலீஷ், ஃபோம், பைப்பிங் எல்லாம் போட்டும் கடைசியில் அதே ஸ்டூல் கதைதான். எனக்கு மனசு விட்டுப்போனது. கொட்டகையில் கை உரிந்ததெல்லாம் எதற்கு என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

ஒரு நாள் மதியம் சோற்றைப் பிசைந்து கொடுத்துவிட்டுத் தட்டை எடுக்கப் போனேன். அவர் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"ஏத்தா, பின்னால ரெண்டு ஓட்டை இருக்குமே. அதை அடைச்சுப்புட்டியா?"

தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கய்யாவை இதுல உக்கார வச்சுக் கட்டுனது நான்தான். எனக்குத் தெரியாதா" என்றார். "அன்னைக்குப் பொழுதுக்கும் அவுக சரியலை. அந்த ஓட்டையைத் திற. துண்டைப் போட்டு என்னையக் கட்டு."

"என்ன பேச்சு பேசுறிய."

"கோவப்படாத. கட்டுனாத் தூங்குவேன். எனக்குத் தூங்கணும்த்தா."

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எந்த ரோட்டிலும் எந்த மழையிலும் யாரிடமும் எதையும் கெஞ்சாத மனுஷன். பிளேடை எடுத்து வந்து நாற்காலியின் முதுகில் ரெக்ஸினைக் கீறினேன். ஃபோமை வெட்டித் தோண்டி, பின்னால் அடைத்திருந்த தக்கையைத் தட்டித் தள்ளினேன். இரண்டு துளைகளும் திறந்துகொண்டன. அவருடைய பழைய காக்கித் துண்டு ஒன்றை அதன் வழியாக விட்டு, நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டேன். எந்த நாற்காலியிலிருந்து சாவைச் சுரண்டி எடுத்தேனோ அதிலேயே அவரை என் கையால் கட்டிக்கொண்டிருந்தேன்.

"இறுக்கமா இருக்கா?"

"இன்னுங் கொஞ்சம் மேல போடு. ஆங். இங்கனதான்."

கண்ணை மூடினார். தலை பின்னால் ஃபோமில் சாய்ந்தது. உடம்பு தளர்ந்தது, விழவில்லை. துண்டு பிடித்துக்கொண்டது. நான் எதிரே தரையில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் வெயில் இறங்கி நிழல் நீளும்வரை தூங்கினார். குறட்டைகூட விட்டார். விழித்ததும் கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பார்த்துவிட்டு, "நல்லாத் தூங்கிட்டேன்" என்றார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகுதான் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ஒரு தூக்கம் கொடுத்தால் போதும் என்று வேண்டியவள், மறுநாளைக்கும் வேண்டினேன், அதற்கு மறுநாளைக்கும் வேண்டினேன்.

அதன்பிறகு துண்டு கட்டுவது எங்கள் வீட்டில் சோறு போடுவது போல ஒரு வேலையாகிவிட்டது. அவரே கிண்டல் செய்வார். "சீட் பெல்ட் போட்டாச்சா கண்டக்டர்?" என்பார். "ரைட், போகலாம்" என்பேன். ஒரு தடவை மூத்தார் பார்க்க வந்தார். கூடத்தில் கால் வைத்ததும், தம்பி அந்த நாற்காலியில் துண்டால் கட்டப்பட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "தூங்குறாக மச்சான்" என்று நான் சொன்னதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. வாங்கி வந்த பழத்தை வைத்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

உடம்பு தேறவில்லை. தேறும் என்று யாரும் சொல்லவும் இல்லை. கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வீக்கம் தொடைக்கு ஏறியது, வயிற்றுக்கு ஏறியது. மாத்திரையைக் கூட்டினார்கள், பிறகு மாற்றினார்கள், பிறகு அதே மாத்திரைக்கே வந்தார்கள். பேசினால் இளைத்தது, அதனால் பேச்சு குறைந்தது. நாளெல்லாம் அந்த நாற்காலிதான். மூச்சு முட்டும்போதெல்லாம் இரண்டு கைப்பிடிகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நெஞ்சைத் தூக்குவார். நான் போட்ட பாலீஷ் அந்த இடங்களில் போய், உளி வரிகள் மழுங்கத் தொடங்கின. துடைக்கும்போது பார்த்தேன். அந்த நாற்காலியில் உயிரோடு ஒருத்தர் உட்கார்ந்ததற்கு இருந்த அடையாளம் அது ஒன்றுதான்.

அந்த நாள் காலையில் கஞ்சியில் பாதி குடித்தார். துண்டைக் கட்டச் சொன்னார், கட்டினேன். சீக்கிரமே கண் அசந்துவிட்டார். நான் துணி துவைத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தேன், நல்ல தூக்கம். முகத்தில் அந்தச் சுளிப்பே இல்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள், வாயில் விரலை வைத்து வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். மீன்காரர் ஹாரன் அடித்தார், ஓடிப்போய், "இன்னைக்கு அடிக்காதிய, அவுக தூங்குறாக" என்று சொன்னேன். மதியச் சோற்றுக்கு எழுப்பவில்லை. தூங்கட்டும், பசித்தால் தானே எழுவார் என்று நானும் சாப்பிடாமல் அடுப்படியில் தலையைச் சாய்த்தேன். இத்தனை மாதத்தில் இவ்வளவு நீளத் தூக்கம் தூங்கியதில்லை, நாளைக்கு டாக்டரிடம் போனால் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்கால மாத்திரையோடு போய்க் கையைத் தொட்டேன். கை கைப்பிடியை விட்டு வரவில்லை. குளிர்ந்து, அதைப் பிடித்தபடியே இறுகியிருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் கூட்டத்தில்தான் நடந்தது. மூத்தார்தான் முதலில் வந்தார். மகன் மஸ்கட்டில் இருக்கிறான், அவனுக்கு அவர்தான் போன் போட்டார். டிக்கெட் எடுத்து வந்து சேர நாளை மறுநாள் ஆகும் என்றான். அதைக் கேட்டதும் மூத்தார் ஐஸ் பெட்டிக்கு ஆள் அனுப்பினார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"பெட்டி வேணாம் மச்சான். அவுகளை நாற்காலியிலயே உக்கார வைங்க. நம்ம வழக்கம் அதுதானே."

"புள்ள வார வரைக்கும் தாங்காது தாயி."

"தாங்கும். இதுலதானே இத்தனை நாள் இருந்தாக."

அவர் நாற்காலியைப் பார்த்தார். மெரூன் ரெக்ஸின், வெள்ளைப் பைப்பிங், நான் கீறிய கீறல். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன்.

"அதுல உசுரு உக்காந்துருச்சு தாயி. இனிமே அது பொணத்துக்கு ஆகாது. உன் வீட்டுலயே இருக்கட்டும்" என்றார்.

பெட்டி வந்தது. நீள வாக்கில், மேலே கண்ணாடி மூடியோடு. உட்கார்ந்தபடியே இறுகிப்போன உடம்பை அதில் வைக்க வேண்டும். துண்டை அவிழ்த்தார்கள், கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். தூக்கிக் கிடத்தியபோது முழங்கால்கள் மடங்கியபடியே மேலே நின்றன. இரண்டு ஆட்கள் அதை அமுக்கினார்கள். நான் பார்க்கக் கூடாது என்று என்னைப் பிடித்துத் திருப்பினார்கள். பார்க்காவிட்டால் என்ன, காது இருக்கிறதே.

திரும்பிப் பார்த்தபோது அவர் மல்லாந்து படுத்திருந்தார். கால் நீட்டி, தலை கீழே, நெஞ்சு மேலே. இத்தனை மாதமும் எந்தக் கோலத்தில் அவரை ஒரு நொடிகூட விடக் கூடாது என்று இருந்தேனோ அதே கோலம். அவர் செத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். கையைத் தொட்டது நான்தான். ஆனாலும் உள்ளே ஓடிப்போய் அவர் தலையணைகள் இரண்டையும் எடுத்து வந்து பெட்டிக்காரரிடம் நீட்டினேன்.

"இதைத் தலைக்கு வைங்க. தட்டையாப் படுத்தா அவுகளுக்கு மூச்சு முட்டும்."

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். அந்தப் பெட்டிக்காரர் வாங்கி, அவர் தலையைத் தூக்கி இரண்டையும் வைத்தார். மூடியை இறக்கிப் பார்த்தார், நெற்றியில் கண்ணாடி இடித்தது. மறுபடி தூக்கினார்.

"ரெண்டு வச்சா மூடாதுக்கா" என்றார், மெதுவாக.

யாரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து, அவர் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் ஒரு தலையணையை உருவி எடுத்தேன்.